உப்பு குறைஞ்ச ரத்தம்

– கையை ஊணாம எந்திரிங்க பாப்போம், அத்தை.

– ஏன்டி செல்வி, வேன்ல இருந்து இறங்கி இப்பத்தான் இந்தத் துவைகல்லுல உக்காந்தேன். கையில பட்டாசு வெள்ளி மருந்துகூட இன்னும் போகலை. அதுக்குள்ள மாமியாளுக்குப் பரீட்சையா?

– கழுவ நான் தண்ணி ஊத்துறேன். மொதல்ல எந்திரிங்க. சுவத்தைப் பிடிக்கக்கூடாது.

– இந்தா, எந்திரிச்சுட்டேன்னு வையி. ம்... இரு. இன்னொரு தடவை. ச்சை. போன வருசம் வந்த சிக்குன்குனியா முட்டிக்குள்ள குடியிருந்துக்கிட்டுக் காலி பண்ண மாட்டேங்குது. அம்புட்டுத்தான்.

– சிக்குன்குனியா எனக்குந்தான் வந்துச்சு.

– உனக்கு வந்துச்சு, உன் வயசு அதை விரட்டிருச்சு. நான் உன் புருசனைப் பெத்தவ. அதை ஞாபகம் வச்சுக்கிட்டுப் பேசு.

– முட்டி இல்லையாம் அத்தை. காலையில வேனுக்கு நிக்கையில நர்சு ஜெனிட்டா சிஸ்டர் அந்தப் பக்கமா வந்தாக. சர்ச்சுல கேம்ப் போட்டு வயசானவுகளுக்கு ரத்தம் எடுத்தாகல்ல, அதைப் பத்தித்தான் பேசுனாக.

– அதுக்கென்ன? ரிசல்ட்டை என் கையிலதான குடுத்தாக. உப்பு எம்புட்டுக் கம்மின்னு மெடிக்கல்காரத் தம்பிகிட்டப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூட இம்புட்டுக் கம்மியா இருக்காது பாட்டின்னான்.

– அதை வேன் முழுக்கத் தம்பட்டம் அடிச்சீக.

– அடிக்காம? உன் மாமா சங்கிலிமுத்து எதுல செத்தாரு? ரத்தத்துல உப்பு ஏறி ஏறி, கால் வீங்கி, மூஞ்சி வீங்கி, மதுரைக்கும் இங்கனைக்கும் அலைஞ்சே செத்தாரு. அந்த வீட்டுல எனக்கு உப்பு கம்மின்னா நான் கும்பிட்ட சாமி கண்ணைத் தொறந்திருக்குன்னு அர்த்தம். ஃபோர்மன் ராக்கப்பன்கூட, ‘சோலையம்மா மதினிக்குக் குமரிப்பிள்ளை ரத்தம்’னு சிரிச்சாரு.

– எல்லாருந்தான் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். சிஸ்டர்தான் சிரிக்கலை. ‘ஏக்கா, உப்பு கம்மின்னு உங்க மாமியா சந்தோசப்படுறாகளாமே’ன்னு கேட்டுட்டு, அது கொழம்புல போடுற உப்பு இல்லை, கிரியாட்டினின்னு பேராம், அது எங்கேருந்து வருதுன்னும் சொன்னாக. நம்ம ஒடம்புச் சதையிலருந்துதான் வருதாம். சதை வேலை செய்யச் செய்ய அந்த உப்பு ரத்தத்துல விழுமாம். கிட்னி அதைக் கழிச்சு வெளிய தள்ளுமாம். மாமாவுக்குக் கிட்னி தள்ளலை, அதனால ஏறிருச்சு. உங்களுக்கு உப்பே விழ மாட்டேங்குது.

– விழலைன்னா நல்லதுதான?

– அடுப்புல சாம்பல் இல்லைன்னா என்ன அர்த்தம் அத்தை? சுத்தமா இருக்குன்னா? வெறகே இல்லைன்னு அர்த்தம்.

– இது சிஸ்டர் சொன்னதா, நீயாச் சேத்ததா?

– சிஸ்டர் சொன்னதுதான். உப்பு மட்டும் இல்லையாம். ரத்தத்துல நிக்க வேண்டிய சத்தும் கம்மி. கை பலம் பாக்குற பிடி மிசினைக் குடுத்து அமுக்கச் சொன்னாகளே, அதுலயும் முள்ளு ஏறலையாம். எல்லாத்தையும் சேத்துப் பாத்துத்தான் சொல்றாக. சதை கரைஞ்சு போச்சாம். தொடையிலதான் மொதல்ல கரையுமாம்.

– அந்த மிசினு வழுக்குச்சுடி. இரும்புல செஞ்சா வழுக்காம என்ன செய்யும்?

– என்ன சாப்பிடுறாகன்னு கேட்டாக. காலையில கஞ்சி, மத்தியானம் கஞ்சி, தொட்டுக்கிட ஊறுகாய்னு சொன்னேன். முட்டை போட்டாப் பிள்ளைக தட்டுல தள்ளிருவாகன்னு சொன்னேன். சிஸ்டர் தலையில அடிச்சுக்கிட்டாக. முட்டை, பருப்பு, மொச்சை எல்லாம் நீங்க திங்கணுமாம். அதோட விடியக்காலம் எந்திரிச்சு, உக்காந்து உக்காந்து எந்திரிக்கணுமாம்.

– விடிஞ்சதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் பூச்சட்டிக்கு மருந்து அடைச்சுக்கிட்டுத்தான உக்காந்திருக்கேன்.

– உக்காந்தே இருக்கீக. அதைத்தான் சொல்றாக.

– சரி, சொல்லிட்டாக. நீயும் சொல்லிட்ட. தண்ணியை ஊத்து. மெதுவா ஊத்தினாப் போதும்.

– அத்தை, இன்னும் முடியலை.

– முடியாதுன்னு எனக்குத் தெரியும்டி. நீ எங்கன வந்து நிப்பன்னும் தெரியும். ‘வயசாயிருச்சு, சதை இல்லை, வேலையை விட்டு நில்லுங்க அத்தை’ம்ப. நான் நின்னா, அந்த இடத்துல உன் தங்கச்சி எழில் வந்து உக்காருவா. ஆனைக்குட்டத்துல அவ சும்மா இருக்கான்னு உங்க ஆத்தா போன மாசமே வந்து மூக்கைச் சிந்துனது என் காதுல விழாமலா போச்சு?

– நான் எழிலைப் பத்திப் பேசலை.

– பேச வேண்டாம். ராக்கப்பன் இந்த சீசனுக்கு வீட்டுக்கு ரெண்டு ஆளுன்னுதான் எடுத்திருக்காரு. ஒருத்தி நின்னா மத்தவளும் நிக்கணும். உன் புருசன் பாண்டிராஜு திருப்பூருக்குப் போனவன் செத்தானா இருக்கானான்னு தெரியலை. நான் நின்னா உன் அடுப்பும் நின்னுபோகும். அதான் இந்தக் காலை இழுத்துக்கிட்டு வாரேன். உன் தங்கச்சி வந்தா உனக்கு அந்தக் கவலையும் இல்லை.

– அத்தை, நீங்க எங்கன உக்காந்திருக்கீகன்னு ஒருநாளாவது யோசிச்சீகளா?

– எங்கன? வாசல்ல. மூத்தவுகளுக்குக் காத்து வேணும்னு ராக்கப்பனே குடுத்த இடம். எனக்கு முன்னால அதுல உக்காந்திருந்தவ ஒரு கெழவி. அவளுக்கு முன்னாலயும் ஒரு கெழவிதான். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?

– அது நாலு வாசல் வச்ச ரூமு. ஓடணும்னுதான் நாலு வாசல். சீசன்ல மூணு வாசலை அட்டைப்பெட்டி அடுக்கி அடைச்சாச்சு. இருக்கிறது உங்க வாசல் ஒண்ணுதான். அதுல எந்திரிக்க முடியாதவுக உக்காந்திருந்தா, உள்ள இருக்கிற நாங்க எப்படி வெளிய போறது?

– ஏன், அன்னைக்குப் போகலையா? வெள்ளிக்கிழமை திரி புகைஞ்சப்ப எல்லாரும் ஓடத்தான செஞ்சீக?

– ஓடுனோம். நீங்க ஓடுனீகளா?

– நான்... வாசல்லயேதான இருந்தேன். எனக்கு ஓட என்ன இருக்கு?

– ரெண்டு கையையும் நிலையில ஊணிக்கிட்டு எந்திரிக்கப் பாத்தீக. முடியலை. திரும்பவும் ஊணுனீக. செல்லத்தாயி உங்களை ஒட்டி நுழைஞ்சு போனா. சுப்புத்தாயி உங்க சேலையைப் பிடிச்சுக்கிட்டு ஏறிக் குதிச்சா. மூலையில இருந்து ஓடி வந்தது நான். மூலைன்னா கடைசி ஆளு. கால்ல வேகம் இருக்கிறவதான் மூலையில உக்காரணும்னு சொல்லி, என்னை அங்கன போட்டு வச்சிருக்காக.

– அன்னைக்கு என் முதுகுல எவளோ மிதிச்சுட்டா. இன்னும் திரும்பிப் படுக்க முடியலை. சுப்புத்தாயாத்தான் இருக்கும்னு அவகூடப் பேச்சையே நிறுத்திட்டேன்.

– சுப்புத்தாயி இல்லை.

– பின்ன யாரு?

– நான்தான் மிதிச்சேன். வெளிய போய் வேப்பமரத்துக்கிட்ட நின்னுதான் திரும்பிப் பாத்தேன். நீங்க அப்பவும் எந்திரிச்சபாடில்லை. வந்து தூக்கணும்னு மனசு சொல்லுச்சு. காலு வரலை. பிள்ளைக ரெண்டும் கண்ணுக்குள்ள வந்து நின்னுக்கிருச்சுக. புகைஞ்ச திரி தானா அணைஞ்சதுனால நீங்க இருக்கீக. இல்லைன்னா நான் உங்களை மிதிச்சுட்டு வந்தவளாத்தான் இருந்திருப்பேன்.

– செம்பைக் கீழ வையி.

– திட்டுங்க அத்தை.

– எதுக்குத் திட்ட? நானா இருந்தாலும் மிதிச்சுத்தான் போயிருப்பேன். பாண்டிராஜு அப்பக் கைப்பிள்ளை. மல்லாங்கிணத்துப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுல வேலை பாத்தேன். குச்சி பத்திருச்சுன்னு சத்தம் கேட்டப்ப நான் யாரையும் திரும்பிப் பாக்கலை. பெத்தவளுக்குக் கண்ணு முன்னாலதான் இருக்கும்.

– அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை.

– தூங்கு. நான் முடிவு பண்ணிட்டேன். நாளையிலருந்து வரலை.

– அத்தை...

– பேசவிடு. எழிலைக் கூட்டிட்டுப் போ. வீட்டுக்கு ரெண்டு ஆளுன்னு சரியாப் போகும். அவளுக்குக் காலு மான் மாதிரி, குதிச்சு வெளிய வந்துருவா. நான் சந்தேகப்பட்டதை மனசுல வச்சுக்கிடாத தாயி. மாமியாளுன்னா அப்படித்தான் நாக்கு இருக்கும். நான் இங்கன பிள்ளைகளைப் பாத்துக்கிட்டு, சிஸ்டர் சொன்ன மாதிரி உக்காந்து எந்திரிச்சுக்கிட்டுக் கெடக்கேன். முட்டையும் திங்கிறேன், போதுமா?

– எழிலை அந்த ரூமுக்குள்ள விடமாட்டேன்.

– ஏன்டி? இடம் கெடைச்சும் வேண்டாம்ப?

– கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை அத்தை. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?

– அதுவும் சரிதான். அப்ப ரெண்டாவது ஆளுக்கு எங்கன போவ? சீசன் நேரத்துல எவ வருவா?

– யாரும் வர வேண்டாம். நீங்களே வாங்க அத்தை. ஃபோர்மன்கிட்ட மத்தியானமே பேசிட்டேன். நாளையிலருந்து வாசல் எனக்கு, மூலை உங்களுக்கு.