அடித்துணி இல்லாத கூடாரம்

காலை ஏழேகாலுக்கே கப்பல் வந்துவிட்டது. ஒன்பதாகியும் ஆட்கள் வெளியே வரவில்லை. ராயபுரம் துறைமுக வாசலில் எனக்கு முன்னால் நின்ற ஒரு தாய், கப்பலில் கரி அள்ளும் மகனின் கடிதத்தைக் காட்டிக் கணவரிடம் புலம்பினாள்.

"குளிர் தேசத்துல ஆறே ஐஸா ஒறைஞ்சி கீதாம். அதுமேல கூடாரம் போட்டு மீன் புடிக்கிறானாம். அடித்துணியே இல்லாத கூடாரமா பாத்து வாங்கினானாம். எவனோ ஏமாத்திட்டான்யா!"

"ஐஸுல ஓட்டை போட்டுத் தூண்டில் வுடணும்மே. அடியில துணி இருந்தா எப்டி?"

"அடுப்பு வேற உள்ளாற வச்சிகினானாம். ஐஸு உருகிப் புள்ள முழுகிட்டா?"

"முழுகினவன் கடுதாசி போடுவானா?"

"போட்டப்புறம் முழுகியிருந்தா?"

அவர் எக்கி வாசலைப் பார்த்தார். பிள்ளை பெற்ற நானும் எக்கிப் பார்த்தேன்.

கடைசியில், தோளில் அந்தக் கூடாரக் கித்தான் சுருளோடு மகன் வந்தான். "அடித்துணி இல்லாததப் போயி வாங்கினியேடா!" என்று தாய் அழுதாள்.

"இன்னாம்மா அழுவுற? நம்ம வூட்டுக்குத் தரை கீது, கூரைதான் ஒழுவுது. இத்த மேல போட்டுக்கலாம்."