பேருக்கு இரண்டு மூட்டை

மிளகாய் ஏற்றுகிற வேனில் மனுஷரை ஏற்றக் கூடாது என்று ராமநாதபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எவ்வளவு கழுவினாலும் நெடி போகாது. ஏறுகிறவன் இறங்கும்வரை தும்மிக்கொண்டேதான் வருவான். என் வேனை நான் வாரம் தவறாமல் கழுவ வைத்தேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது சார்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆனால் அந்த வேன் எதற்கு என்று முதலில் உங்களுக்குப் புரிய வேண்டும். இல்லாவிட்டால் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு வேறு எதையோ எழுதிக்கொள்வீர்கள். தனுஷ்கோடி மிளகாய்க் கம்பெனி என்று பக்கவாட்டில் எழுதியிருக்கிறதே, தனுஷ்கோடி நான்தான். கம்பெனி என்னுடையது, அதனால் வேனும் என்னுடையது என்று ஊரில் நினைப்பார்கள். வருமான வரிக்காரர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். முண்டு மிளகாய் ஏற்றிக்கொண்டு பரமக்குடிக்கு ஓடினால் டீசலும் தேய்மானமும் செலவில் கழியும். அதே வேனில் நான் மாமியார் வீட்டுக்குப் போய்வந்தால் அந்தப் பங்கு கழியாது, என் லாபத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். நியாயம்தான். அந்த நியாயத்தை நான் எதிர்த்ததே இல்லை.

ஒரே ஒரு தடவை தப்பு நடந்தது. என் தங்கச்சி மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீரை அந்த வேனில் கொண்டு போனேன். யாரோ வீடியோ எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை கணக்குப் பார்க்க வந்த அதிகாரி, கமிஷன் கடைக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கும்போது அந்த வீடியோவைக் காட்டி, "மிளகாய்க்கு மாலையெல்லாம் போட்டிருக்கீங்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கட்டச் சொன்னதைக் கட்டினேன், அது மறந்துபோயிற்று. ஆனால் மார்க்கெட்டில் என் பெயர் 'சீர்வேன்' என்று ஆகிவிட்டது. புதிதாக மூட்டை தூக்க வந்தவன்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னான். எனக்கு ரொம்ப அசிங்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தேன். வேன் எங்கே புறப்பட்டாலும் பின்னால் இரண்டு மூட்டை மிளகாய் கிடக்க வேண்டும். யார் நிறுத்திக் கேட்டாலும் சரக்கு வண்டி. என் டிரைவர் மாரீஸ்வரன் அதற்குப் 'பேர் மூட்டை' என்று பெயர் வைத்திருந்தான். மீசை அரும்பாத வயதில் என்னிடம் வந்தவன், என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவன்மேல் எனக்கு உண்மையான பிரியம் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு என் பேரனுக்குக் காதுகுத்து. எங்கள் குலசாமி முனியசாமி, உச்சிப்புளியைத் தாண்டிக் கடலோரப் பனைக்கூட்டத்துக்குள் இருக்கிறார். சொல்லி வைத்திருந்த வாடகை வண்டிக்காரன் காலையில் கையை விரித்துவிட்டான். குடும்பத்தைப் பஸ்ஸில் அனுப்பினேன். கிடாயைப் பஸ்ஸில் ஏற்ற முடியாதே. கிடாயையும் மாலையையும் பொங்கல் பானையையும் வேனில் ஏற்றி, பேர் மூட்டை இரண்டையும் போடச் சொல்லிவிட்டு நானும் ஏறினேன். சரக்கு இருந்ததால் அது சரக்கு வண்டிதான். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

ஊரைத் தாண்டிய பிறகுதான் மாரீஸ்வரன் சொன்னான், மூட்டைகளைக் கோடவுனிலேயே இறக்கி வைத்துவிட்டதாக. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஏன் இறக்கினாய் என்று கேட்டேன்.

"கெடா தும்மித் தும்மித் தலைய ஆட்டுது மொதலாளி. அங்கன போயி மஞ்சத் தண்ணி தெளிக்கையில சாமி உத்தரவுல துலுக்குதா, மொளகா நெடியில துலுக்குதான்னு யாரு கண்டா?"

சார் எந்த ஊரோ தெரியாது. எங்கள் பக்கம் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் வெட்டலாம். சாமி சரி என்று சொல்கிற அடையாளம் அது. அவன் சொன்னதில் பக்தி இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் வெறும் வேனில் கிடாயோடு நான் போவதை ஒருத்தன் பார்த்தால் என்ன ஆகும்? திருப்பு என்றேன். காதுகுத்து நேரம் தப்பிவிடும் என்றான். திருப்பச் சொல்லி ஸ்டியரிங்கில் கை வைத்தேன். லேசாகத்தான் வைத்தேன்.

வேன் ரோட்டை விட்டு இறங்கி ஒரு பனையில் மோதிச் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. கிடாய் துள்ளி ஓடிவிட்டது. மாரீஸ்வரன் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் நெஞ்சு நசுங்கிக் கிடந்தான். நினைவு நன்றாக இருந்தது. போனில் சிக்னலும் இருந்தது. ஆமாம், இருந்தது. நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

கோடவுனில் மூட்டை தூக்கும் கூத்தையாவுக்குப் போன் செய்து, அந்த இரண்டு மூட்டையையும் லோடு ஆட்டோவில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். எடுத்த எடுப்பில் ஆம்புலன்சைக் கூப்பிட்டால் பின்னாலேயே போலீஸ் வரும், போட்டோ எடுப்பார்கள். சீர்வேன் இப்போது கிடாவேன் ஆகிவிடும். எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று யோசித்துச் செய்கிறவன் நான். மாலையையும் பொங்கல் பானையையும் எடுத்துக் கருவேலம் புதருக்குள் போட்டேன்.

பாம்பனிலிருந்து மீன் ஏற்றி வந்த முஹைதீன் என்பவர் வண்டியை நிறுத்தி, நூற்றியெட்டுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லியாச்சு, வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் கிளம்புங்கள் என்றேன். அவர் தன்னிடமிருந்த தண்ணீரை மாரீஸ்வரன் வாயில் விட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பின்பக்கம் காலியாக இருந்தது என்று உங்களிடம் சொன்னவர் அவர்தானே. நல்ல மனுஷர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

காத்திருந்தபோது மாரீஸ்வரன் பேசினான். "மொதலாளி, சரக்குக்குத்தான் போனோம்னு நானே சொல்லிர்றேன். ஆம்புலன்சக் கூப்பிடுங்க. மூச்சு முட்டுது."

"கூப்பிடுறேம்லே. மூட்ட வந்துறட்டும்" என்றேன்.

அவன் சொல்லியிருப்பான், எனக்குத் தெரியும். என் பேச்சை என்றைக்கும் தட்டியதில்லை, அந்த மூட்டை விஷயம் தவிர. ஆனால் டிரைவர் சொல்வதை யார் நம்புகிறார்கள்? மூட்டை கிடந்தால் யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை.

கூத்தையா வந்தான். மாரீஸ்வரனைப் பார்த்ததும் மூட்டையைப் போட்டுவிட்டு அழுதான், முதலில் ஆளைத் தூக்குவோம் என்றான். அதட்டித்தான் வேலை வாங்க வேண்டியிருந்தது. சாய்ந்து கிடந்த வேனுக்குள் ஒரு மூட்டை பிரிந்து கொட்டிவிட்டது. அது நான் திட்டமிட்டதில்லை. மாரீஸ்வரனுக்கு இருமல் வந்தது. நெஞ்சு அப்படிக் கிடக்கும்போது இருமுவது கஷ்டம்தான், எனக்கும் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு உடனே ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அவர்கள் வந்தபோது இருமல் நின்றுவிட்டிருந்தது.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். சொல்லட்டும். சரக்கோடு போகும்போது வேலையில் இறந்தான் என்றுதான் அவன் பெண்டாட்டி பானுப்பிரியாவுக்கு இன்சூரன்ஸ் கிடைத்தது. கோயிலுக்குப் போனான் என்றால் இழுத்தடித்திருப்பார்கள். நான் அந்த மூட்டைகளைப் போட்டது அவளுக்காகவும்தான். அது எனக்கு மறுவாரம்தான் தோன்றியது என்பது வேறு விஷயம்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்தேன். ஸ்டியரிங்கில் கை வைத்தது, முஹைதீனிடம் பொய் சொன்னது, போன் செய்யாமல் இருந்தது, மிளகாய் கொட்டியது எல்லாம் சரியாக இருக்கிறது. கொலை என்று வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. மேலே 'சொந்த வேலையாக வேனில் சென்றபோது' என்று இருக்கிறது பாருங்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.