பதினோரு வீடுகளுக்கும் வந்த கலைமணி

மேடையில் அமர்ந்திருக்கும் சங்க நிர்வாகிகளே, கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் கடையடைத்து வந்திருக்கும் தோழர்களே, மனைவியை இழந்து நிற்கும் செம்பியன் அவர்களே, மகள் இலக்கியாவே, உத்திராபதியின் வணக்கம்.

நம் ஒலிக்கருவித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் கலைமணி, போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பால் காலமானார். நாற்பத்தாறு வயது! அவரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா? என் தவறொன்றைச் சொல்லித்தான் அவர் பெருமையை என்னால் சொல்ல முடியும்.

சிதம்பரத்தில் சின்னையன் என்று ஒரு பெரியவர். முப்பது ஆண்டுகள் இயந்திர இரைச்சலுக்குள் வேலை பார்த்துக் காது மந்தமானவர். அவர் வீட்டு ஹோம் தியேட்டரை அமைத்தவன் நான். படத்தில் பேசுவது புரியவில்லை என்றார். "உங்க காதுதாங்க காரணம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரும் நம்பிவிட்டார். வீட்டார் படம் போட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம்.

மருமகள் ரேகா கலைமணியை அழைத்தார். கலைமணி என்னையும் கூட்டிப் போனார். அங்கே முதலில் என்ன செய்தார்? பெரியவரின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்! கனத்த ஓசை சப்வூஃபருக்கும் மற்றவை சின்ன ஸ்பீக்கர்களுக்கும் பிரியும் இடம்தானே கிராஸ்ஓவர்? அதை நான் இருநூறு ஹெர்ட்ஸில் வைத்திருந்தேன். ஆண்குரலின் அடிப்பகுதியெல்லாம் மூலையிலிருந்த சப்வூஃபருக்குப் போய் முழங்கிக்கொண்டிருந்தது. சின்ன ஸ்பீக்கர்கள் தாங்குமா என்று சோதித்துவிட்டு, எண்பதுக்கு இறக்கினார்.

படத்தை மறுபடி ஓடவிட்டதும் பெரியவர் நிமிர்ந்தார். "இப்ப புரியுதும்மா! ஊருக்குப் போறேங்கறான்!"

"உங்க காத கொற சொல்லாதீங்கய்யா. நாங்கதான் தப்பா வெச்சிட்டோம்."

நாங்கள் என்றார், தோழர்களே! வெளியே வந்ததும் கேட்டேன்: "ஏம்மா எம் பேரச் சொல்லல?"

"சொல்லி என்னண்ணே ஆவப்போவுது? இதே மாதிரி இன்னும் எத்தினி வீட்ல வெச்சிருக்கீங்க? அதச் சொல்லுங்க, போவலாம்."

பதினோரு வீடுகள். குடிகாடு முதல் திருவதிகை வரை அத்தனைக்கும் என்னோடு வந்தார். முதல் வீட்டிலேயே, "நான்தாங்க தப்பா வெச்சேன்" என்று நானே சொன்னேன். சொல்ல முடிந்தது. பக்கத்தில் அவர் நின்றதால் முடிந்தது.

அவர் ஒத்துக்கொண்ட வேலைகளில் இன்னும் ஆறு வீடுகள் மீதமிருக்கின்றன. அவற்றை நம் சங்கம் முடித்துக்கொடுக்கும். திங்கட்கிழமை காலை நான் பண்ருட்டிக்குப் போகிறேன். அந்த வீட்டம்மா புஷ்பவள்ளி நேற்று போனில் கேட்டார்: "கலைமணிதான வர்றேன்னாங்க, நீங்க யாரு?"

"அவுங்ககூட வேல செஞ்சவம்மா" என்றேன்.

"அப்ப வாங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த நம்பிக்கையை நான் காப்பாற்றுவேன். நாம் எல்லோரும் காப்பாற்றுவோம்.