பச்சைக் காரின் கடைசிச் சக்கரம்

"இது ஓடுமா மச்சான்?"

"ஓடாது ஜன்னத்து. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் பந்தயக் காரு. சின்னதா அச்சு எடுத்துத் துண்டு துண்டாக் குடுத்திருக்கான். ஒட்டி வச்சு அழகு பாக்கணும்."

"ஓடாத காருக்கு எதுக்குச் சக்கரம்?"

"வாயடிக்காம அந்தப் பசையைக் கொண்டா. இதை முடிச்சுட்டுத்தான் மஸ்கட்டுக்கு டிக்கெட்டே போடுவேன்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். மற்றபடி என் கணவர் முபின் மேல் குறை ஒன்றும் கிடையாது.

மறுநாள் ஸ்டியரிங் காணாமல் போனது. நான்தான் எடுத்தேன். சட்டைப் பொத்தான் அளவுகூட இராது. வாய்க்குள் அதக்கிக்கொண்டு, அவரோடு சேர்ந்து கட்டிலடியில் தவழ்ந்து தேடினேன். "எங்க போச்சு புள்ள" என்று அவர் கேட்டபோது பேச வழியில்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன். தோளும் தோளும் உரச அப்படித் தேடியது எனக்குப் பிடித்திருந்தது.

பழி பூனைமேல் விழுந்தது. நான் மறுக்கவில்லை. மாமி அதைச் சாக்கில் போட்டு ராசிங்காபுரம் போகும் ஜீப்பில் ஏற்றிவிட்டார். அங்கே எலி அதிகம் என்று கேள்வி. பூனைக்கு நல்லதுதான்.

கம்பெனிக்கு எழுதி வேறு ஸ்டியரிங் வரவழைத்தார். அதற்காக விடுமுறையை நீட்டினார். அது வந்த அன்று காரின் முன்கண்ணாடியை எடுத்தேன். மறுபடி நீட்டினார்.

எனக்காக நான் இதைச் செய்யவில்லை. மஸ்கட்டில் தானே பொங்கித் தின்று அவர் இளைத்துப் போயிருந்தார். வீட்டுச் சாப்பாட்டில் உடம்பு தேறட்டுமே. எனக்கென்று ஆசை எதுவும் கிடையாது. அவருடைய நண்பர் ஒருவர் தன் மனைவியை மஸ்கட்டுக்கு அழைத்துக்கொண்ட செய்தி வந்தபோதுகூட, நான் சிரித்தபடி சட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு சக்கரம்தான் மாட்ட வேண்டியிருந்தது. அதைக் கூடத்திலிருந்த ஏலக்காய் மூட்டையில் செருகினேன். அந்த வாரம் ஏலத்துக்குப் போகாத மூட்டை என்று நினைத்தேன். அன்றைக்கு ஏலத்துக்குப் போக வேண்டியதே மாமாவின் அந்தச் சரக்குதான். காலையில் அதிலிருந்துதான் ஏல மையத்துக்கு மாதிரிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அங்கே வியாபாரி ஜக்கையன் பொட்டலத்தைத் தட்டில் கொட்டியதும், காய்களோடு சக்கரம் உருண்டு வந்திருக்கிறது.

"என்ன பாய், உங்க காய்க்குச் சக்கரம் மாட்டியிருக்கு. லோடு ஏத்தாமத் தானா ஓடி வந்துருமோ?"

மண்டபமே சிரித்ததாம்.

மதியம் மாமா அந்தச் சக்கரத்தைச் சோற்றுத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏலக்காய் பொறுக்கி மூட்டை கட்டுவது வீட்டில் என் வேலை.

"பூனை மூட்டையைப் பிரிச்சு மறுபடி கட்டாதுல்லம்மா" என்றார் மாமி, என்னைப் பார்த்து.

முபின் கோபப்படவில்லை. "ஏன் ஜன்னத்து?" என்று மட்டும் கேட்டார்.

பதில் தயாராகத்தான் இருந்தது. பசை நெடி உங்கள் கண்ணுக்கு ஆகாது, அதனால்தான் என்று சொல்வதாக இருந்தேன். வாயைத் திறந்தேன்.

"என்னையும் கூட்டிட்டுப் போங்க மச்சான்" என்றேன்.