கெட்டிலில் கொதித்த ஆறு

– அந்த ஜிப்போட மல்லுக்கட்டினது போதும்க்கா. இப்படிக் கட்டில்ல வந்து என் பக்கத்துல உட்காரு. இன்னும் கிட்ட வா. உனக்கு ஒரு கதை சொல்றேன், இதுவரைக்கும் நீ கேட்டே இருக்க மாட்டே.

– கதை கேக்கற நேரத்தைப் பாரு! பத்து மணிக்குப் பெட்டியெல்லாம் கீழே இருக்கணும்னு போதகர் சொல்லிட்டுப் போயிருக்காரு. பதினொண்ணுக்கு பஸ். விமானம் நமக்காக நிக்காது சின்னவளே.

– மணி இப்ப ஒன்பதேகால்தான். கதையும் சின்னதுதான். ஒரு ஊர்ல ரெண்டு ஓரகத்திங்க இருந்தாங்க. மூத்தவ அண்ணனைக் கட்டினவ, இளையவ தம்பியைக் கட்டினவ.

– ஓகோ. அதுல இளையவளுக்கு வாய் காதுவரைக்கும் இருக்குமே?

– இருக்கும். மூத்தவளுக்கு மூக்கு நுனியில கோபம் இருக்கும். ரெண்டு பேரும் சபை ஆளுங்களோட சேர்ந்து, ஆண்டவர் நடந்த இடமெல்லாம் பார்க்கப் புறப்பட்டாங்க. ஏரியில படகுல போறப்போ அடிச்சுது பாரு ஒரு காத்து! இளையவ பயந்துபோய் போதகர் சட்டையைப் பிடிச்சிக்கிட்டா. மூத்தவ என்ன பண்ணா தெரியுமா? அறுபத்திரண்டு வயசுல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, படகு முனையில ஏறிக் குதிச்சு, "இங்கதான்டி! இந்தத் தண்ணி மேலதான்டி நடந்தாரு!"ன்னு கத்தினா. படகுக்காரன் எஞ்சினை நிறுத்திட்டுச் சிரிச்சான்.

– அவ்வளவு சத்தமாவா கத்தினேன்?

– கரையில இருந்த கொக்கெல்லாம் பறந்துபோச்சு.

– பறக்கட்டும். எனக்கு இப்ப நினைச்சாலும் உடம்பு சிலிர்க்குது. சின்ன வயசுல ஞாயிறு பள்ளியில படத்துல பார்த்த ஏரிடி! அதுல நிஜமாவே அலை அடிக்குது, மேல நிஜமாவே தெறிக்குது. சரி, நீ சொல்லிக்கிட்டே இரு, நான் அந்த அங்கியை எடுத்து மடிக்கறேன்.

– அந்தப் பையைத் திறக்காதே தாயே! திறந்தாலே அறை முழுக்கப் பாசி நாத்தம்.

– நான் என்ன பண்ணட்டும்? ஆண்டவர் ஞானஸ்நானம் எடுத்த ஆத்துல நாம முங்கி எழுந்தது முந்தாநாள். ஓடற பஸ்லயா கொடி கட்டிக் காயப்போட முடியும்? அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவுல, தலையணை உறை மாதிரி தைச்சுக் கொடுத்துட்டாங்க. என் அங்கிக்குள்ள ரெண்டு ஆள் நுழையலாம். அவ்வளவு துணியும் ஈரம். பெட்டி எடை கூடினதே அதனாலதான்.

– அங்கதான்க்கா கதையே! எடை கூடிப்போச்சு. காலையில மூத்தவ பெட்டியைப் பிரிச்சு, இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வச்சுட்டுக் குளிக்கப் போனா. இளையவ எழுந்தா. டீ இல்லாம அவளுக்குக் கண்ணே திறக்காது. கெட்டில் இருக்கு, டீப் பை இருக்கு, பால் பொடி இருக்கு. தண்ணி மட்டும் இல்ல. ஆனா மேசை மேல, கெட்டிலை ஒட்டினாப்புல, ஒரு பாட்டில் நிறையத் தண்ணி இருந்துச்சு.

– எந்த பாட்டில்?

– சாதாரண பாட்டில்தான். மூடியில பச்சை நூல் சுத்தியிருந்துச்சு.

– ஏய்.

– முழுசாக் கேளுக்கா…

– ஏய், அந்தத் தண்ணியை என்ன பண்ணே?

– நான் இல்லக்கா. கதையில வர்ற இளையவ…

– சின்னவளே!

– டீ போட்டுட்டேன்க்கா.

– அது ஆத்துத் தண்ணிடி!

– சத்தியமா எனக்குத் தெரியாது! இப்ப நீ மேசைக்கு அடியில, கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடினே பாரு, அப்பத்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. எல்லாரும் பாட்டில் மேல பேர் எழுதி ஒட்டியிருக்காங்க. போதகரம்மா "ஆற்று நீர், தொடாதே"ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்காங்க. நீ மட்டும் ஏன்க்கா ஒண்ணும் எழுதாம, மொட்டையா நூலைச் சுத்தி வச்சே?

– எழுதினா யாருக்குன்னு கேப்பாங்க. யாருக்கும் சொல்லாதேன்னு அவரு சொல்லியிருந்தாரு.

– எவரு?

– உங்க பெரியத்தான்தான். வேற எவரு?

– பெரியத்தானா? சபை கேட்டைத் தாண்டி உள்ளே வராத பெரியத்தானா ஆத்துத் தண்ணி கேட்டாரு?

– புறப்படற அன்னைக்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. வண்டியில வச்சாரு. கயித்தைக் கட்டற மாதிரி குனிஞ்சுக்கிட்டே, "அந்த ஆத்துல ஒரு பாட்டில் பிடிச்சிட்டு வா. எதுக்குன்னு கேக்காதே"ன்னாரு. பன்னண்டு வருஷத்துல சபை, ஆண்டவர்னு எதைப் பத்தியும் அந்த மனுஷன் வாயைத் திறந்து கேட்டது இது ஒண்ணுதான். அதைப் போய் நீ… முழுசும் போச்சா? ஒரு சொட்டுகூட இல்லையா?

– ரெண்டு தடவை போட்டேன்க்கா. முதல் தடவை நம்ம ரெண்டு பேருக்கும். ரெண்டாவது… நீதான் இன்னொரு கப் கேட்டே.

– நானா?

– "ஏழு நாள்ல இன்னைக்குத்தான்டி டீ டீயா இருக்கு"ன்னே! நான் இந்தக் குடும்பத்துக்கு வந்த நாள்லேருந்து என் டீயை நீ நல்லா இருக்குன்னு சொன்னதே இல்ல. நானும் பூரிச்சுப்போய் மிச்சத்தையும் ஊத்திக் கொதிக்க வச்சேன்.

– சிரிக்க வைக்காதேடி, எனக்கு அழுகையா வருது. கெட்டிலைக் கவுத்துப் பாரு.

– பார்த்துட்டேன். அடியில வெள்ளையா உப்புதான் ஒட்டியிருக்கு. போதகரம்மாகிட்ட ரெண்டு பாட்டில் இருக்கு, ஒண்ணு கேப்போமா?

– அவங்க பெட்டி அப்பவே கீழே போயாச்சு. கேட்டா யாருக்குன்னு சொல்லணும். அவங்ககிட்டச் சொன்னா விமானம் இறங்கறதுக்குள்ள சபை முழுக்கத் தெரிஞ்சிடும். ஆத்துக்குத் திரும்பப் போகலாம்னா மூணு மணி நேரம்.

– அப்ப ஒண்ணு பண்ணுவோம். குளியலறைக் குழாயில பிடிச்சு, அதே பாட்டில், அதே பச்சை நூல். பெரியத்தானுக்கு என்ன தெரியப்போகுது?

– யாருக்குத் தெரியாது? முப்பத்தஞ்சு வருஷமா குழாய் வேலை பார்க்கற மனுஷனுக்கா? உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தே, இது கிணறு, இது போர், இது லாரித் தண்ணின்னு சொல்லுவாரு. அது கிடக்கட்டும், நேத்து அந்தக் காலிக் கல்லறை வாசல்ல நின்னு தேம்பித் தேம்பி அழுதுட்டு, இன்னைக்கு அவர்கிட்டப் பொய்யைப் பிடிச்சு பாட்டில்ல அடைச்சுக் கொடுக்கவா?

– நீ சொல்றதும் சரிதான். அக்கா, ஒண்ணு கேக்கட்டா? சபைத் தொட்டி ஒழுகினதாலதான் பெரியத்தான் நின்னுட்டாருன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். அப்ப நான் பிள்ளை பெறப் போயிருந்தேன்.

– ஞானஸ்நானத் தொட்டியை அவருதான் கட்டினாரு. அவரே சிமெண்ட் பூசி, அவரே குழாய் இழுத்து, ஆசை ஆசையாக் கட்டினாரு. ஈஸ்டர் காலையில ஒன்பது பேர் வெள்ளை உடுப்புல வரிசையா நின்னாங்க. மூலையில எங்கேயோ விரிசல். ஒவ்வொரு ஆளா முங்க முங்கத் தண்ணி இறங்கிக்கிட்டே போகுது. எட்டாவது ஆள் எழுந்திருச்சப்போ முழங்காலுக்குக் கீழே வந்துடுச்சு. தண்ணியெல்லாம் பெஞ்சுக்கு அடியில ஓடி, மைக் ஒயர்ல பட்டு, கரண்டு போச்சு. பழைய போதகர் இருட்டுல நின்னுக்கிட்டு, "வேலை தெரிஞ்சவன்கிட்டக் கொடுத்திருக்கணும்"னு சபை நடுவுல சொல்லிட்டாரு.

– சபை நடுவுலயா!

– அன்னைக்கு வெளியே போனவருதான். இன்னைவரைக்கும் ஞாயித்துக்கிழமை என்னைக் கேட்டுல இறக்கி விட்டுட்டு, ஸ்கூட்டர் மேல உட்கார்ந்து பாட்டு முடியறவரைக்கும் காத்துக்கிட்டிருக்காரு. தொட்டி மேல பலகையைப் போட்டு மூடி, பூச்சாடி வச்சிட்டாங்க. யாருக்காவது ஞானஸ்நானம்னா பக்கத்து ஊர் சபைக்கு வேன் வச்சுப் போறோம்.

– அந்த ஒன்பதாவது ஆள்? அவங்களும் வேன்ல போய் எடுத்துக்கிட்டாங்களா?

– அதை விடு. மணி என்ன ஆச்சு?

– ஒன்பதரை. பெரியத்தானுக்குப் போன் போடுக்கா. நான் சொல்றேன். தப்பு என்னோடது, திட்டையும் நானே வாங்கிக்கறேன்.

– என்னால அவர்கிட்ட இதைச் சொல்ல முடியாதுடி. நீயே போடு.

– போடறேன். என் வீட்டுக்காரருக்கும் ஒண்ணு போடணும். நாலு நாளா எப்பப் பேசினாலும் கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது, நடுநடுவுல மூச்சு வேற வாங்குது. கேட்டா வேலைங்கறாரு. ரிங் போகுதுக்கா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

– ஹலோ? ஏம்மா, புறப்பட்டாச்சா?

– பெரியத்தான், நான் சின்னவ பேசறேன். அக்கா பக்கத்துலதான் இருக்கா. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீங்க கேட்ட தண்ணியை அக்கா பத்திரமாத்தான் பிடிச்சு வச்சிருந்தா. நான் தெரியாம அதுல…

– அதுல?

– டீ போட்டுட்டேன் பெரியத்தான்.

– என்ன போட்டே?

– டீ. நாலு கப். நானும் அக்காவும் குடிச்சிட்டோம்.

– என்னங்க, நான் அதை மேசை மேல வச்சிருக்கக்கூடாது. என் மேலதான் தப்பு. ஏங்க? லைன்ல இருக்கீங்களா? என்னடி அது சத்தம், இருமறாரா?

– இரு, இரு… சிரிக்கறாருக்கா! பெரியத்தான் சிரிக்கறாரு!

– சிரிக்காம என்னம்மா பண்ண? டேய் தம்பி, இதைக் கேளுடா, ஆத்துத் தண்ணியில டீ போட்டுக் குடிச்சிட்டாளுங்களாம்!

– என் வீட்டுக்காரரு அங்கேயா இருக்காரு? ரெண்டு பேரும் எங்கே இருக்கீங்க? ஏன் குரல் எதிரொலிக்குது?

– எங்கே இருப்போம்? சபையிலதான். தொட்டிப் படியில உட்கார்ந்திருக்கோம்.

– என்னங்க சொல்றீங்க? சபைக்குள்ளயா?

– நீங்கல்லாம் புறப்பட்ட அன்னைக்கே வாட்ச்மேன்கிட்டச் சாவி வாங்கிட்டேன். போதகரும் கமிட்டியும் உங்ககூடவே போயிட்டாங்க, கேக்கறதுக்கு ஆள் இல்ல. நல்லதாப் போச்சுன்னு பலகையை எடுத்துட்டு, நானும் தம்பியும் உள்ளே இறங்கிப் பழைய பூச்சு பூராவையும் கொத்தி எடுத்தோம். விரிசல் மூலையில இல்ல தெரியுமா? அடியில தண்ணி வெளியே விடற குழாயைச் சுத்தித்தான் இருந்திருக்கு. பன்னண்டு வருஷமா தப்பான இடத்தையே நினைச்சு நினைச்சுப் புழுங்கியிருக்கேன். சரி பண்ணிட்டு நேத்துக் காலையில நிரப்பினோம். பென்சில்ல கோடு போட்டு வச்சேன். இன்னைவரைக்கும் மயிரிழைகூட இறங்கல.

– ஆண்டவரே! சின்னவளே, என்னைப் பிடிச்சுக்கோடி!

– பிடிச்சிருக்கேன்க்கா, பிடிச்சிருக்கேன்! குதிக்காதே, கட்டில் உடைஞ்சிடும்! பெரியத்தான், அக்கா அன்னைக்குப் படகுல குதிச்ச மாதிரியே குதிக்கறா!

– குதிக்கட்டும். அந்தத் தண்ணியை முதல்ல இதுல ஊத்தணும்னு ஒரு ஆசை. அதுக்குத்தான் கேட்டேன்.

– அதைத்தான் நான் கெடுத்துட்டேனே பெரியத்தான்! நாசமாப்போன டீ!

– டீயைத் திட்டாதே. ஏம்மா, ஆத்துல முங்கினப்போ போட்டிருந்த அங்கியை என்ன பண்ணே? அலசிட்டியா?

– எங்கேங்க அலசினேன்? சொட்டச் சொட்டப் பிளாஸ்டிக் பையில கட்டினது, அப்படியே நாறிக்கிட்டுக் கிடக்கு. எடைக்காக இங்கேயே போட்டுட்டு வரலாமான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.

– போட்டுடாதே! பிழியாதே, வெயில் காட்டாதே. வேற எதை வேணும்னாலும் எடுத்து வெளியே போடு, அந்தப் பையை மட்டும் முடிச்சு அவிழ்க்காமக் கொண்டு வா. அது என் உடம்புக்கு வருமா?

– ரெண்டு ஆள் நுழையலாங்க. எதுக்குங்க கேக்கறீங்க? ஏங்க… எதுக்கு?

– அக்கா, நீ ஏன் இப்படி அழறே? என்ன பெரியத்தான், எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்களேன்!

– சொல்றேன்மா. அந்தத் துணி ஈரத்துல இன்னும் ஆறு இருக்கு, எனக்கு அது போதும். நீ டீ போட்டது தப்பே இல்ல, நீ நல்லா இருக்கணும், உன் வீட்டுக் குழாய் என்னைக்கும் வத்தாம இருக்கணும், உன் பிள்ளைங்க தாகம்னா என்னன்னே தெரியாம வளரணும். இந்த ஞாயித்துக்கிழமை அந்த அங்கியோட தொட்டியில இறங்கப்போற ஒன்பதாவது ஆள் நான், மனசார வாழ்த்தறேன்.