மெத்தனால் கலக்காத ஸ்பிரிட்

இல்லீங்க தம்பி, அந்த லூஸ்ல ஊத்திக் குடுக்கிறது வேணாம். சீல் வெச்ச டின்னு இருந்தா பாருங்க.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? குடிக்கிறதுக்கு இல்ல. எங்க பக்கத்த விட இங்க சரக்கு மலிவு, பாண்டிச்சேரிக்கு வந்து ஒரு பொம்பள ஸ்பிரிட் கேட்டா அப்படித்தான் தோணும். யாரும் குடிச்சிடாம இருக்க கசப்பு கலப்பாங்களே, அதே குடுங்க, குமட்டுற நாத்தமா இருந்தாலும் சரி. மெத்தனால் மட்டும் கலந்திருக்கக் கூடாது. டாக்டரு சொன்ன பேரு. மறந்துடப் போவுதுன்னு பஸ்ஸுல ஜெபமால மாதிரி சொல்லிக்கிட்டே வந்தேன். அய்யோ, மோந்து பாத்துச் சொல்லாதீங்க. மோந்து பாத்தா தெரியாதாம்.

பாலிஷுக்குத்தாங்க. அவலரக்கு, அதான் தகடு தகடா இருக்குமே அந்த அரக்கு, அத ஸ்பிரிட்டுல ஊறப்போட்டு, துணியில சுத்துன பஞ்சால தொட்டு மரத்துல தேய்ப்பாங்கல்ல, எம் பையன் கஸ்பாருக்கு அந்த வேல. எங்க மரக்காணத்து மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனக் கூண்டு, சாமியாரு உள்ள ஒக்காந்து நம்ம பாவத்தக் கேப்பாரே அது, புதுசா செஞ்சாங்க, தேக்குல. பாலிஷ் இவன். எங்க ஊர்ல அது லேசுப்பட்ட காரியமில்ல. உப்பளத்து ஈரக்காத்து பட்டா பாலிஷ் வெள்ளையா பூத்துரும். அதனால கதவு ஜன்னலச் சாத்திக்கிட்டுத்தான் போடுவாங்க. இவன் கூண்டுக்குள்ளயே ஒக்காந்து, கதவச் சாத்தி, இடுக்குல சாக்கு வேற அடச்சுக்கிட்டான். டேய், மூச்சு முட்டலயாடான்னு வெளியேருந்து கேட்டேன். உள்ளேருந்து சாமியாரு கொரல்ல, மகளே, மாமியாள எத்தினி வாட்டி திட்டுனன்னு கேக்குறான், படுவா.

சாயந்தரம் வெளிய வந்து தலவலின்னான். வாந்தி எடுத்தான். ஊரு சும்மா இருக்குமா? கோயில் கூண்டுல ஒளிஞ்சு ஸ்பிரிட் குடிச்சிட்டான்னுட்டாங்க. என்கூட உப்பு வார்ற கொளஞ்சியம்மாளே, சூசைமேரியக்கா, நெசமான்னு கேட்டா. கள்ளு கூட தொட்டதில்லீங்க அவன். பெரியாஸ்பத்திரி டாக்டருதான் சொன்னாரு, லூஸ்ல வாங்குன அந்த ஸ்பிரிட்டுல மெத்தனால் கலந்திருக்கு, குடிக்கவே வேணாம்மா, அடச்ச எடத்துல அந்த ஆவியே போதும், தோலு வழியாவும் எறங்கும்னு. அத ஊருக்குச் சொல்ல எங்கிட்ட மைக்செட்டா இருக்கு?

இந்த டின்னா? படிச்சுச் சொல்லுங்க, இங்கிலீசு வராது எனக்கு. மெத்தனால் இல்லன்னே போட்டிருக்கா? மாதாவே. இன்னொரு வாட்டி படிங்க, கோச்சுக்காதீங்க.

தெரியுங்க, கதவத் தொறந்து வெச்சேதான் போடப் போறோம். பூத்தா பூக்கட்டும். சாமியாரும் சொல்லிட்டாரு.

அவனா? அவனே வந்து வாங்கலாமேன்னா, பஸ் ஏத்தி விட்டா வருவான். தனியா ரோட்டக் கடக்க இன்னும் பழகல. கண்ணு ரெண்டும் போயிடுச்சுங்க தம்பி, அதுலதான். வேற ஆள வெச்சு முடிச்சுக்கலாம்னாரு சாமியாரு. இவன் கேக்கல. வெளிப்பக்கம் யாரு வேணா போடட்டும், உள்பக்கம் நாந்தான்னுட்டான். வெரலால தடவியே சொரசொரப்பு கண்டுபிடிச்சிடுவானாம்.

கண்ணு இல்லாம எப்படிடான்னேன்.

கூண்டுக்குள்ள எப்பவும் இருட்டுதானம்மான்னான்.