சிகிச்சை பெறாதவர்

மாத்திரை டப்பாவை நான் முதலில் நிரப்பியது ஞாயிறா, திங்களா என்று நினைவில்லை. நினைவை அதிகம் நம்பாதவன் நான். அதனால்தான் எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டுவேன்.

மாமாவுக்கு, அதாவது என் மனைவியின் அப்பாவுக்கு, புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோது, எடுத்த சதையில் ஒரு துணுக்கை அவரே கையெழுத்துப் போட்டு எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத் தந்தார். "உங்க வீட்டுச் சோத்துலதான் நானும் வளர்றேன் மாப்ள. அதுவும் உங்ககிட்டயே வளரட்டும்" என்று சிரித்தார்.

அந்த வகைச் செல்கள் வளர்ப்புத் தட்டில் லேசில் ஒட்டி வளராது. அவருடையவை ஒட்டின. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊட்டத் திரவத்தை மாற்றினால் போதும். நான் அரை மணிக்கொரு தரம் போய்ப் பார்ப்பேன்.

இந்த நோய் எலும்புக்கு எப்படிப் பரவுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்கு ஒரே ஆளிடமிருந்து இரண்டு மாதிரிகள் வேண்டும்: கிளம்பிய இடத்தில் ஒன்று, போய்ச் சேர்ந்த எலும்பில் ஒன்று. நடுவில் மருந்து பட்டால் செல்களின் குணம் மாறிவிடும். மருந்து படாத ஜோடி எங்களிடம் இல்லை.

மாமாவுக்கு ஹார்மோனை அடக்கும் மாத்திரை எழுதியிருந்தார்கள். வாராவாரம் டப்பாவை நிரப்புவது என் பொறுப்பு. அதே அளவில், அதே வெள்ளையில் சத்து மாத்திரை கிடைத்தது. மருந்து கேட்கவில்லை என்று மருத்துவர் இன்னொன்றைச் சேர்த்தார். அதற்கும் ஒன்று வாங்கினேன்.

எட்டாம் மாதம் அவராலும் உட்கார முடியவில்லை. கூடத்தில் அவரும் நடப்பார், நானும் நடப்பேன். "ரெண்டு பேரும் ஏன் கூண்டுல போட்ட மாதிரி அலையிறீங்க?" என்பாள் மனைவி. ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எலும்புக்குள்ள என்னமோ ஊர்ற மாதிரி இருக்கு மாப்ள" என்றார். டாக்டரிடம் போகலாம் என்றேன். குரலில் மகிழ்ச்சி தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

எலும்பு மாதிரி வந்தது. குப்பியில் 'சிகிச்சை பெறாதவர்' என்று எழுதினேன். குப்பியின் மேல் பொய் எழுத என் கை வராது.

போன வாரம், கட்டுரைக்கு அட்டவணை போடும்போது, கூட வேலை பார்க்கும் பெண் மருத்துவமனைத் தாளோடு வந்தாள். "சார், பதினோரு மாசம் மாத்திரை சாப்பிட்டிருக்கார்னு இதுல இருக்கு. குப்பியில வேற மாதிரி இருக்கு. எது சரி?"

"லேபிள்தான் சரி" என்றேன்.

அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். பிறகு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னாள்.

மாமா போன மாதம் இறந்துவிட்டார். மனைவி அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாள். ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. நான் இங்கே வந்து நான்கு நாளாகிறது. தட்டில் இருக்கும் செல்களுக்கு யாரும் திரவம் மாற்றவில்லையாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மனிதரை இப்படிக் கவனிக்காமல் சாக விடுவார்களா?